முட்டைக்காரர்கள் பள்ளிக்கூடம் பார்த்த கதை

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்த மூன்று அண்ணன் தம்பிகளிடம் புத்தியைத் தவிர மற்றதெல்லாம் குறைவில்லாமல் இருந்தது. மூத்தவர் வையாபுரி, நடுவில் பொன்னுரங்கம், கடைக்குட்டி மருதாசலம். பொன்னுரங்கத்தின் மகள் தாரணி பத்தாவது பாஸானாள். வந்தது வினை.

மேற்கொண்டு நம்மூர்ப் பாடத்தில் பிளஸ் டூ படிப்பதா, டவுனில் புதிதாக வந்திருக்கும் வெளிநாட்டுப் பாடத்திட்டப் பள்ளியில் சேர்வதா? வெள்ளிக்கிழமையோடு இரண்டு இடத்திலும் சேர்க்கை முடிகிறது. பொன்னுரங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே மகளின் வாழ்க்கையாச்சே!

தாரணியின் தலைமையாசிரியையிடம் போய் நின்றார்கள். "ஊரார் பேச்சை நம்பாதீங்க. நீங்களே ரெண்டையும் சோதிச்சுப் பாருங்க" என்றார் அவர்.

சோதிக்கிறதா? அதுதானே இவர்கள் பிழைப்பே! முட்டையைத் தண்ணீரில் போட்டால் நல்லது முழுகும், கெட்டது மிதக்கும். இரண்டு பாடப்புத்தகத்தையும் கேட்டு வாங்கிவந்து, அண்டா நிறையத் தண்ணீர் பிடித்து, பயபக்தியோடு உள்ளே விட்டார்கள். நம்மூர்ப் புத்தகம் குபுக்கென்று முழுகியது. வழவழ அட்டை போட்ட வெளிநாட்டுப் புத்தகம் மிதந்தது.

"கெட்டுப்போச்சுங்கண்ணா" என்றான் மருதாசலம்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அதுவும் முழுகிக் கிடந்தது.

"காலையில கெட்டது மத்தியானம் நல்லதாயிருச்சே!" வையாபுரி வாயில் கை வைத்தார். "எந்த முட்டையாவது இப்படித் திருந்தியிருக்குதா? தரம்னா இதுதான்டா தரம்!"

விஷயம் கேட்ட ஆசிரியை தலையில் அடித்துக்கொண்டார். "அட சாமி! புத்தகத்தை விடுங்க. வகுப்புல போய் உட்கார்ந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

போய் உட்கார்ந்தார்கள். வையாபுரி நம்மூர் வகுப்பில், பொன்னுரங்கம் வெளிநாட்டு வகுப்பில். வியாழன் சாயந்திரம் பண்ணையில் பஞ்சாயத்துக் கூடியது.

"எங்க டீச்சரம்மா, 'நீங்க என்ன நினைக்கிறீங்க'ன்னு எங்களையே கேட்குதுங்கண்ணா" என்றார் பொன்னுரங்கம். "பாவம், அதுக்கே பதில் தெரியலையாட்ட இருக்குது."

"எங்க வாத்தியார் தங்கமப்பா. கேள்வியும் அவரே, பதிலும் அவரே. நாம அப்படியே எழுதிக்கிட்டாப் போதும்."

"சரிங்க, முடிவா எது நல்லது?" என்று கேட்டான் மருதாசலம்.

"ஒருநாள் உட்கார்ந்தா என்னத்தைத் தெரியும்? அடை வெச்ச முட்டை ஒரே நாள்ல பொரிஞ்சிருமா?" என்றார் வையாபுரி.

தாரணி கண்ணைக் கசக்கினாள். "அப்பா, நாளைக்குக் கடைசி நாளுப்பா. ஏதாவது ஒண்ணுல சேர்த்து விடுங்க."

பொன்னுரங்கம் துண்டால் மகளின் கண்ணைத் துடைத்தார். "அழாத கண்ணு. அப்பன் எதுக்கு இருக்கேன்?"

சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் காலையிலேயே வையாபுரியும் பொன்னுரங்கமும் கிளம்பிப் போய், சாயந்திரம் மைசூர்பாகோடு வந்து இறங்கினார்கள். தாரணி வாசலுக்கே ஓடிவந்தாள்.

"எதுலப்பா சேர்த்தீங்க?"

"ரெண்டுலயும்தான். வெளிநாட்டுப் பாடத்துல நானு, நம்மூர்ப் பாடத்துல உன் பெரியப்பன். பத்தாவது பாஸான்னு கேட்டாங்க, ஆமான்னோம். வயசை யாரும் கேட்கலை."

"அப்ப நானு?"

"அவசரப்படாத கண்ணு. ரெண்டு வருஷத்துல ரிசல்ட் வந்துரும். எங்கள்ல யாரு உருப்படறோம்னு பார்த்துட்டு உன்னை அதுல சேர்த்துடறோம்." கழுத்தை இறுக்கிய டையைத் தளர்த்திவிட்டு, பொன்னுரங்கம் குரலைத் தாழ்த்தினார். "அப்பறம், உன் பெரியப்பன் இன்னைக்கே வகுப்புல தூங்கிட்டாராம். திங்கட்கிழமை வீட்டுல பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. நீதான் வரோணும்."