கலை விழாவுக்கு வந்த கலைமான்

ஒரு காட்டில் பெரிய குளம் ஒன்று இருந்தது. அதில் நீர்நாய்கள் வாழ்ந்தன. மீனைப் பிடித்தோம், தின்றோம், படுத்தோம் என்று கிடக்கிற கூட்டம் இல்லை அவை. 'ஈரக்கை அறக்கட்டளை' என்று ஒன்றை வைத்து, காட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உதவி வந்தன. அந்த வருடம், பிள்ளைகளின் திறமையைக் காடே பார்க்கட்டும் என்று குளக்கரையில் ஒரு விழாவுக்கு ஏற்பாடு செய்தன.

அந்தப் பள்ளியில் முள்ளழகி என்றொரு முள்ளம்பன்றிக் குட்டி படித்தாள். படிப்பில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் முதுகில்தான். முள் குத்திவிடும் என்று அவள் பக்கத்தில் யாருமே உட்கார மாட்டார்கள். "கொஞ்சம் தள்ளி உட்காரேன்!" இதைக் கேட்டுக் கேட்டு, அவள் வகுப்பின் கடைசி மூலைக்கே போய்விட்டாள்.

ஒரு நாள் குளக்கரையில் தனியாக நின்று, பொழுது போகாமல் வாலை ஆட்டிக்கொண்டிருந்தாள். வால் முட்கள் ஒன்றோடொன்று உரசின. சல் சல் சலசல!

அறக்கட்டளையின் தலைவியான நீர்நாய் அம்மா தண்ணீரிலிருந்து தலையை நீட்டினாள்.

"அடியே! யாருடி அது, சலங்கை கட்டிக்கிட்டு ஆடுறது?"

"சலங்கை இல்லம்மா. என் வாலு!"

"இதை வச்சுக்கிட்டா மூலையில போய் உட்கார்ந்திருக்க? விழாவுக்கு நீதான்டி தாளம்!"

அவ்வளவுதான், முள்ளழகிக்குத் தலைகால் புரியவில்லை. மயில் குஞ்சின் ஆட்டத்துக்கு, தவளைக் குட்டிகளின் பாட்டுக்கு, குரங்குக் குட்டிகளின் நாடகத்துக்கு என்று ஒரு மாதம் வால் வலிக்க வலிக்கப் பழகினாள். விழாவன்று தன் தாளத்தை எல்லாரும் கேட்டுவிட்டால், மறுநாள் வகுப்பில் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார மாட்டார்களா? அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

விழாச் செய்தியைச் சொல்ல மைனாவை அனுப்பினார்கள். 'பிள்ளைகளின் கலை விழா' என்றுதான் நீர்நாய் அம்மா சொல்லி அனுப்பினாள். மைனாவுக்கு எப்போதும் அவசரம். முதல் சொல்லை வழியிலேயே தொலைத்துவிட்டது.

"குளக்கரையில் கலை விழா! கலை ஆடும்! கலை பாடும்! வாங்க, வாங்க!"

புல்வெளியில் நின்ற கலைமான் இதைக் கேட்டது. முறுக்கிய கொம்பு அதற்கு. அந்தக் கொம்பைவிடத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம்.

"கலை விழாவா? இந்தக் காட்டில் கலை என்றால் யார்? கலைமானாகிய நான்தானே! ஆக, எனக்கு விழா எடுக்கிறார்கள்! இப்போதாவது புத்தி வந்ததே!"

விழா நாள் மாலை. காடே குளக்கரையில் கூடியிருந்தது. முகத்தில் மஞ்சள் மண்ணும் செம்மண்ணும் பூசிக்கொண்டு பிள்ளைகள் மேடைப் பாறைக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். அப்போது கலைமான் விறுவிறுவென்று வந்து பாறைமேல் ஏறியது. மேடை ஏறியவருக்குப் பொன்னாடை போர்த்துவதுதானே வழக்கம்? நீர்நாய் அம்மாவும் ஒரு தாமரை இலையை எடுத்துப் போர்த்திவிட்டாள். அங்கேதான் வந்தது வினை.

"பேரன்பு கொண்ட காட்டு மக்களே!" என்று கலைமான் ஆரம்பித்தது. "எனக்கு விழா எடுத்த உங்களுக்கு என் நன்றி! நான் பிறந்த அன்று…"

பிறந்தது, நடந்தது, முதல் புல்லை மென்றது என்று ஒன்று விடாமல் சொன்னது. "இறுதியாக ஒன்றே ஒன்று கூறி அமர்கிறேன்" என்றது. அமரவில்லை. அதையே நான்கு முறை சொன்னது. பூசிய மண் காய்ந்து பிள்ளைகளின் முகமெல்லாம் அரித்தது. மயில் குஞ்சு நின்றபடியே தூங்கிவிட்டது. வானம் கறுத்தது. கரடிகள் எழுந்து நடையைக் கட்டின. பன்றிகளும் எழுந்தன.

"அம்மா, அவரை இறங்கச் சொல்லுங்களேன்!" என்று முள்ளழகி அழாத குறையாகக் கேட்டாள்.

"ஆசை ஆசையா வந்துட்டாரு. முகத்துக்கு நேரா எப்படிடி சொல்றது?"

முள்ளழகி ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு கூட்டத்துக்குள் நுழைந்து மேடையை நோக்கி நடந்தாள். முள்ளுக்குப் பயந்து எல்லாரும் சட்டென்று விலகினார்கள். என்றைக்கும் அழுகையை வரவழைக்கிற அந்த விலகல் இன்றைக்கு அவளுக்கு நல்ல வழியாகிவிட்டது!

"வணக்கமுங்க ஐயா!"

"வா, குழந்தாய்! எனக்கு இன்னொரு பொன்னாடையா?"

"இல்லீங்க. மைனா என்ன கூவுச்சுன்னு ஞாபகம் இருக்குங்களா?"

"இல்லாமல் என்ன? கலை விழா! கலை ஆடும்! கலை பாடும்!"

"அப்போ ஆடுங்க ஐயா! எல்லாரும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்!"

"ஆமா! கலை ஆடட்டும்!" என்று கூட்டம் கத்தியது. கிளம்பிப் போன கரடிகள் ஓடிவந்து உட்கார்ந்தன.

கலைமான் ஓர் அடி பின்வாங்கியது. "எனக்கு… எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது."

"தொண்டைதானே கட்டியிருக்கு? காலு நல்லாத்தானே இருக்கு!" என்றது ஒரு பன்றி.

வேறு வழியில்லை. கலைமான் ஒரு காலைத் தூக்கியது. தாமரை இலை சரிந்து கண்ணை மறைத்தது. நான்கு காலும் நான்கு பக்கம் போயின. காடு கொல்லென்று சிரித்தது.

"குழந்தாய், எனக்கு ஆடத் தெரியாதே!" என்று கலைமான் மெதுவாகச் சொன்னது. பாவம்!

"எங்களுக்குத் தெரியும் ஐயா. நீங்க கொஞ்சம் தள்ளி நின்னாப் போதும்!"

முள்ளழகி திரும்பி நின்று வாலை ஆட்டினாள். சல் சல் சலசல! மயில் குஞ்சு திடுக்கிட்டு விழித்துத் தோகை இல்லாத வாலை விரித்துக்கொண்டு ஓடி வந்தது. தவளைகள் தொண்டையைத் திறந்தன. காத்திருந்து சலித்து மரமேறியிருந்த குரங்குக் குட்டிகள் கிளையிலிருந்து நேரே மேடையில் குதித்தன. அடடா, என்ன ஆட்டம்! என்ன பாட்டு! தாளம் ஏற ஏற, ஓரத்தில் நின்ற கலைமானின் கால்கள் தாமாகவே துள்ளின. உயர உயரத் துள்ளிவிட்டு, அது பாறையிலிருந்து இறங்கி முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்தது.

மழை கொட்டியது. முகத்து மண்ணெல்லாம் கரைந்து வழிந்தது. ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

கடைசியில் மைனா கூவியது: "விழா முடிஞ்சது! எல்லாரும் கலையலாம்!"

கலைமான் துள்ளி எழுந்தது. "என்னையா கூப்பிடுகிறார்கள்?"

"இல்லீங்க ஐயா! இது வேற கலை!" என்றாள் முள்ளழகி. கலைமானும் சேர்ந்து சிரித்தது. கூட்டமோ கலையவே இல்லை. "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று கத்தியது.

மறுநாள் வகுப்பில் முயல் குட்டி முள்ளழகியிடம் வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உட்காரேன்!"

முள்ளழகிக்கு முகம் வாடிவிட்டது. எழுந்து சுவர் ஓரமாகப் போனாள்.

"ஐயோ, அவ்வளவு தூரம் எதுக்குடி? எனக்கு உட்கார இடம் விட்டாப் போதும்!" என்று சொல்லி, முயல் குட்டி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பிள்ளைகளின் திறமையைக் கொண்டாடப் போட்ட மேடையில் பெரியவர்கள் செய்யக்கூடிய பெரிய காரியம், கீழே இறங்கி வந்து உட்கார்ந்து கை தட்டுவதுதான்.