தொங்கிக்கொண்டிருந்த இழை

அந்த ஆய்வுக்கூடத்தில் குரு இளையவர், சீடர் மூத்தவர். குரு யாழரசி, பழந்துணிகளில் ஏறிய சாயம் எதுவென்று கண்டறிபவர். சீடர் சிகாமணி, சுங்கத்துறையில் ஊரார் பெட்டிகளைக் கிளறிப் பொய் பிடித்தே ஓய்வு பெற்றவர். குணம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

ஒருநாள் துள்ளிக்கொண்டு வந்தார்.

“மேடம், ஆள் சிக்கிட்டாங்க! மணப்பாட்டு பிளாவியா கொண்டுவந்த சிவப்புத் துணி டூப்ளிகேட்.”

பிளாவியா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முப்பாட்டன் காலத்தில் தன் வீட்டார் மாதா சொரூபத்துக்குச் சாத்திய துணி என்கிறார். பஜாரில் வாங்கியது என்று ஊர் சிரிக்கிறது. இங்கே எழுதித் தருவதைத்தான் நம்பியிருக்கிறார்.

“எப்படிச் சொல்றீங்க?”

“அந்தக் காலத்துச் சாயவேர்ச் செடியில எடுத்த சிவப்புன்னா கூட்டாளிகளோட வரும் மேடம். நாலஞ்சு பொருள் இயந்திரத்துல தெரியணும். இது ஒத்தை ஆளா நிக்குது. ஆலைச் சாயம்.”

“எந்த இழையை எடுத்தீங்க?”

“ஓரமா ஒண்ணு தொங்கிட்டிருந்தது. துணிக்குச் சேதம் வேண்டாமேன்னு அதையே வெட்டினேன்.”

யாழரசி துணியைத் திருப்பிப் போட்டு, உருப்பெருக்கியை அவர் கையில் கொடுத்தார். சிகாமணி குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

“இங்க கிழிஞ்சிருக்கு. யாரோ பிற்பாடு இழையோட்டியிருக்காங்க. நான் வெட்டினது அந்த நூலைத்தான்.”

யாழரசி விளிம்பு மடிப்புக்குள்ளிருந்து வேறோர் இழையை எடுத்தார். இம்முறை இயந்திரத்தில் கூட்டாளிகள் எல்லோரும் ஆஜர்.

“அப்போ துணி அசல். அந்த ஆலை நூல்தான் திருட்டுப் பயல். பிரிச்சு எடுத்துடட்டுமா?”

“அவங்களைக் கேட்டுட்டு எடுங்க.”

சிகாமணி கத்தரியோடு வெளியே போனார். பிளாவியா பதறிவிட்டார்.

“ஐயோ, வேண்டாம் சார்! அது எங்கம்மா ஓட்டினது. சொரூபத்தை இறக்கையில ஆணி இழுத்துட்டு. திருச்செந்தூர்ல கடை கடையா ஏறி, நூல்கண்டைத் துணிமேல வச்சு வச்சுப் பார்த்தாவ. ‘செவப்புன்னா செவப்புதாம்மா, எடுத்துட்டுப் போ’ன்னு கடைக்காரன் கத்துதான். அம்மா அசையலியே.”

சிகாமணி உள்ளே வந்து கத்தரியை மேசைமேல் வைத்தார்.

“துணி சாயவேர், இழையோட்டின நூல் ஆலைச் சாயம். இவ்வளவுதான் எழுத முடியும் மேடம். அவங்கம்மா நிறம் தேடி அலைஞ்சதுக்கு நம்மகிட்ட ஏது சான்று?”

“இருக்கே சார். சுங்கத்துறைக் கண்ணே ஏமாந்துதுன்னு எழுதுங்க.”