சோப்புப் போட்ட தோசைக்கல்

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடம். அதன் தலைவி உமையம்மைக்கு நாற்பத்தைந்து வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த ஐயாக்கண்ணுவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. மூத்தவர் என்பதால் அம்மை அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். மடத்துச் சமையல் முழுக்க ஐயாக்கண்ணு பொறுப்பு.

மனிதருக்குச் சுத்தம் என்றால் உயிர். விடியுமுன் ஒரு குளியல், காய் நறுக்குமுன் ஒன்று, பந்தி முடிந்ததும் ஒன்று. எல்லாம் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில். உப்பு ஜாடியைத் தொட்டால்கூடக் கைக்குச் சோப்பு வேண்டும். தேங்காய் நாரால் முழங்கை வரை தேய்ப்பார். உடம்பில் ஒரு சொட்டு எண்ணெய் வைக்கமாட்டார். பிசுக்காம்.

கை முதலில் சாம்பல் பூத்தது. பிறகு அரித்தது. பிறகு விரல் மடக்குகளில் வெடித்து ரத்தம் கசிந்தது. சும்மா விடுவாரா? இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

ஓர் அமாவாசைக் காலையில், உப்புப் போட்டுத் தோசை மாவைக் கரைக்கும்போது கை தீயாய் எரிந்தது. வெள்ளை மாவில் ஒரு சிவப்புச் சொட்டு. ஐயாக்கண்ணு அரண்டுபோனார். அந்தப் பானை மாவை அப்படியே தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டு அம்மை முன்னால் போய் நின்றார்.

"எனக்குச் சமையல்கட்டு வேண்டாம்மா. நான் கிளம்புதேன்."

"எங்க?"

"எங்கயாச்சும். கழுவக் கழுவக் கை புண்ணாப் போகுது. நான் என்ன பாவம் செஞ்சேன்னு எனக்குத் தெரியும்மா. முப்பது வருசம் ஆஸ்பத்திரிப் பிணவறையில வேலை பாத்த கை இது. இந்தக் கையால சோறு போடலாமா?"

இதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அம்மை எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். ஐயாக்கண்ணு பின்னாலேயே போனார்.

சுவரோரம் பெரிய தோசைக்கல் சாய்ந்திருந்தது. எட்டு வருடமாக ஐயாக்கண்ணு வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பழக்கிய கல். கன்னங்கரேலென்று மின்னும். மாவை ஊற்றினால் தோசை தானாகக் கிளம்பி வரும். வேறு யாரையும் அதில் கைவைக்க விடமாட்டார்.

அம்மை அதன்மேல் வெந்நீரை ஊற்றினார். ஐயாக்கண்ணுவின் சோப்பை எடுத்துப் போட்டு, செங்கல் பொடியும் தூவி, நாரால் பரபரவென்று தேய்த்தார்.

"அம்மா! என்ன காரியம் செய்யுதிய?"

"சுத்தம் செய்யுதேன்."

"அய்யோ, அது அழுக்கில்லம்மா!"

"கருப்பாப் பிசுக்கா இருக்கே."

"அதாம்மா கல்லைக் காக்குது! அது போச்சுன்னா எல்லாம் ஒட்டிக்கிடும், பிஞ்சிரும். வெளிய அமாவாசைப் பந்திக்கு முப்பது பேரு இலை போட்டு உக்காந்திருக்காவ!"

அம்மை நிறுத்தவில்லை. கல் வெளிறும்வரை தேய்த்து, அடுப்பில் ஏற்றி, மீதியிருந்த இன்னொரு பானையிலிருந்து ஒரு கரண்டி மாவை ஊற்றினார். திருப்பப் போனால் தோசை அசையவில்லை. தோசைத் திருப்பி பட்ட இடமெல்லாம் கந்தலாகக் கிழிந்தது.



"எட்டு வருசம்மா..." என்றார் ஐயாக்கண்ணு. கல்லைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"வந்தவங்களுக்கு இன்னைக்கு உப்புமா. நான் கிண்டுதேன்," என்று அடுப்பை அணைத்தார் அம்மை. நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து அவர் கையைப் பிடித்தார்.

ஐயாக்கண்ணு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "தொட வேண்டாம்மா. பிணத்தைக் கழுவுன கை."

"எத்தனை பேரைக் கழுவுனிய?"

"யாரு எண்ணுனா? கேட்க நாதியில்லாத உடம்பு எல்லாம் எங்கிட்டதான் வரும். மத்தவன் எவனும் தொடமாட்டான். நான் முகத்தைத் துடைச்சி, தலையை வாரிவிட்டுத்தான் அனுப்புவேன். பெத்த தாயி பாத்தா பதறக் கூடாதுல்லா?"

அம்மைக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடி அந்தக் கையைப் பிடித்தார். இந்தமுறை அவரால் இழுக்க முடியவில்லை. ஒவ்வொரு வெடிப்பிலும் மெல்ல எண்ணெயை வைத்தார்.

"அந்தப் புண்ணியத்தைப் போயா இத்தனை நாளும் தேய்ச்சு எடுக்கப் பாத்திய, அண்ணாச்சி?"