பூவிழியின் தேக்கந்தோப்பு

கணவனை இழந்த மாரீசுவரிக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகைதான் சோறு. அவள் மகள் பூவிழிக்கு ஆறு வயது. பிள்ளையில்லாத பெரியப்பா ஒருவர் சாகும் முன் தன் தேக்கந்தோப்பை அந்தச் சிறுமி பேருக்கு எழுதிவைத்தார். அவ்வளவுதான், உதவித்தொகை நின்றுபோனது.

மாரீசுவரி பதறிப்போய் தாலுகா ஆபீசுக்கு ஓடினாள். அதிகாரி தில்லைநாயகம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“தோப்புக்காரிக்கு எதுக்கும்மா உதவித்தொகை? மரத்தை வெட்டி வித்துச் சாப்பிடு!”

ஆபீசே சிரித்தது. மாரீசுவரி கைகூப்பினாள்.

“ரொம்ப சந்தோசம் சார். இன்னைக்கே வெட்டிடுறேன். நீங்க வெட்டச் சொன்னதா ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க.”

தில்லைநாயகம் விருட்டென்று நிமிர்ந்தார். “கையெழுத்தா? மைனர் சொத்தும்மா அது! கோர்ட்டு உத்தரவு இல்லாம தொட்டா நீயும் நானும் கம்பி எண்ணணும். அது உன் மரமே இல்ல, உன் மகளோடது!”

“அப்ப அதையே எழுதிக் குடுங்க சார்.”

இந்த முறை ஆபீஸ் அவரைப் பார்த்துச் சிரித்தது. முகம் சிவக்க, எழுதிக் கொடுத்தார்.

அடுத்த மாதம், அந்தக் கையெழுத்தின் பேரில் உதவித்தொகை, நின்றுபோன பணமும் சேர்ந்தே வந்தது. அன்று மாரீசுவரி வீட்டில் கோழிக்குழம்பு கொதித்தது. பூவிழி மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.