முதலாளி வீட்டு டோஸ்டர்

நாகர்கோவிலில் தாணுலிங்கத்தின் மின்சாதனக் கடையில் ஜெசிந்தா புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முதலாளி மலிவாகப் பிடித்த அமெரிக்க டோஸ்டர்கள் வந்து இறங்கின. ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் 110 வோல்ட் என்றிருந்தது.

"அண்ணாச்சி, நம்ம ஊர் கரண்ட் இருநூத்தி முப்பதாச்சே. செருகினா கருகிடுமே."

"பின் மாத்துற அடாப்டர் ஒண்ணு சேர்த்துக் குடு. நல்லா ஓடும்னு சொல்லு. இல்லேன்னா நீ வேற வேலை பாத்துக்க."

அடாப்டர் பின்னைத்தான் மாற்றும், கரண்டை மாற்றாது என்பது அவருக்கும் தெரியும்.

மறுநாள் கடையில் நல்ல கூட்டம். கல்யாணப் பரிசு வாங்க வந்தவர் ஒரு டோஸ்டரை எடுத்து, "நம்பி வாங்கலாமா?" என்று கேட்டார்.

"அண்ணாச்சி வீட்டுக்கே ஒண்ணு குடுத்து அனுப்பியிருக்கேன். அக்கா இந்நேரம் ரொட்டி போட்டுட்டிருப்பாங்க," என்றாள் ஜெசிந்தா.

கல்லாவில் இருந்த தாணுலிங்கம் பதறிப்போய் மனைவிக்குப் போன் போட்டார். "பொன்னம்மா, அந்த டோஸ்டரைச் செருகிடாதே. வீடே பத்திக்கும்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வந்தவர் டோஸ்டரை மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்தார்.

"எந்த டோஸ்டர்? இங்கே ஒண்ணும் வரலையே," என்றாள் பொன்னம்மா.

அதற்குள் வந்தவர் ஜெசிந்தாவிடம், "நம்ம கரண்டுக்கு ஓடுறதா ஒரு மிக்ஸி காட்டும்மா," என்று கேட்டுக்கொண்டிருந்தார்.