காதுக்குப் பின்னால் ஒரு பொருக்கு

கடலோரத்தில் ஒரு சிறிய மடம். அமுதலிங்கம் அங்கே குரு. மூத்த சீடர் செங்கோடனுக்கு ஐம்பத்தாறு வயது. குருவைவிடப் பத்து வயது கூட. பதினோரு வருஷமாக மடத்துக் கடலைத் தோட்டத்தை ஒற்றையாளாகப் பார்த்துக்கொண்டவர்.

பங்குனியில் நம்பிராசன் வந்து சேர்ந்தான். முப்பது வயது. பிறவியிலேயே தோலில் நிறமில்லாதவன். தலைமுடியும் இமையும்கூட வெள்ளை. கொஞ்சம் வெயில் பட்டாலே தோல் வெந்து சிவந்துவிடும்.

குரு அவனுக்குப் பெரிய குடையும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தார். முழுக்கைச் சட்டை தைக்கச் சொன்னார். பகலில் உள்வேலை, வெயில் சாய்ந்த பிறகுதான் தோட்டம். காலைதோறும் டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பைத் தன் கையாலேயே அவன் பிடரியிலும் காதிலும் தடவிவிட்டார். அமாவாசைதோறும் அவனை ஜன்னலோரம் உட்காரவைத்து, உடம்பில் புண் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார்.

செங்கோடனுக்கு வயிறு எரிந்தது. தியானத்தில் நம்பிராசனுக்குப் பின்னால்தான் அவருக்கு இடம். எல்லாரும் கண்ணை மூடியிருக்க, அவர் மட்டும் குருவின் விரல் பட்ட அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"சாமி, பதினோரு வருஷமா வெயில்ல காயறேன். என் முதுகை ஒருநாளாவது பார்த்திருக்கீங்களா?"

"முதுகுல வலிக்குதா?"

"முதுகுல இல்ல."

குரு எழுந்து போனார்.

ஆவணியில் குரு மூன்று நாள் வெளியூர் போனார். கடலை பறிப்பு நேரம்.

"குடை பிடிச்சுக்கிட்டு கடலை பறிக்கிற ஆளை நான் பார்த்ததில்ல தம்பி," என்றார் செங்கோடன். "உனக்கென்ன, நீ செல்லப்பிள்ளை."

நம்பிராசனின் முகம் சுண்டிப்போனது. குடையை உள்ளேயே வைத்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினான். உச்சி வெயில் தாண்டியும் பறித்தான்.

சாயங்காலம் பிடரி முழுக்கக் கொப்புளம். குப்புறக் கிடந்தான். பார்த்ததும் செங்கோடனுக்கு முதலில் ஒரு குளிர்ச்சிதான் வந்தது. அவன் முனகியபோது அது போய்விட்டது. துணியை நனைத்து எடுத்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து பிடரியில் ஒற்றினார்.

"எங்க அக்காவுக்கும் இதே தோல்தான் அண்ணாச்சி," என்றான் நம்பிராசன். "கன்னத்துல சின்னதா ஒரு புண்ணு. பொருக்கு உதிரும், மறுபடி கட்டும். யாரும் கண்டுக்கல. அது புத்துநோயா மாறி அவளைக் கொண்டுபோயிடுச்சு."

செங்கோடனின் கை நின்றது.

"தம்பி... உன் காதுக்குப் பின்னால ஒன்னு இருக்கு."

"என்னது?"

"பொருக்கு. சித்திரையில பார்த்தேன். உதிர்ந்துச்சு. திரும்ப வந்துச்சு. இப்பவும் இருக்கு."

நம்பிராசனின் கை காதுக்குப் போனது.

மறுநாள் முதல் பஸ்ஸில் செங்கோடன் அவனை நகரத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். டாக்டர் அதை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பத்து நாளில் முடிவு வந்தது. புற்றுதான், ஆரம்ப நிலை. முழுதாக எடுத்தாயிற்று.

"சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்க," என்றார் டாக்டர். "இனி வெயில்ல கவனம். மாசாமாசம் உடம்பைப் பார்க்கிறதையும் விட்டுடாதீங்க."

அன்று செங்கோடன் துணிப்பையோடு குருவின் முன் நின்றார்.

"சாமி, அவனை வெயில்ல இறக்கினது நான்தான்."

"தெரியும்."

"நம்பி சொன்னானா?"

"அவன் பிடரி சொல்லிச்சு."

"நான் போயிடறேன் சாமி."

"அந்தப் பொருக்கை நானும் ஒருதடவை பார்த்தேன். கண்ணாடிக் காம்பு உரசின புண்ணுன்னு விட்டுட்டேன். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க விரல் பட்ட இடம் சாமி. அஞ்சு மாசமா அதையே பார்த்துக்கிட்டிருந்தேன். வயித்தெரிச்சல்."

"அடுத்த அமாவாசையிலிருந்து அவன் உடம்பை நீங்க பாருங்க."

"நானா? என் கண்ணு நல்ல கண்ணு இல்லையே சாமி."

"தினமும் களிம்பு தடவின என் விரலுக்கும், மாசத்துக்கு ஒருநாள் பார்த்த என் கண்ணுக்கும் அது தப்பிப்போச்சு," என்றார் குரு. "ஒருநாள்கூட அவனை விடாத கண்ணு உங்களோடது."