எட்டாவது பொட்டலத்தில் டொரண்டோ

சுண்டைக்காய்ப்பட்டியில் போய்க் கிலோமீட்டர் என்றால் ஒருத்தருக்கும் விளங்காது. வழியில் எத்தனை புளிசாதப் பொட்டலம் தீருகிறதோ, அதுதான் அங்கே தூரம். மதுரை ஒரு பொட்டலம். சென்னை மூன்று.

அந்த ஊர் மாசிலாமணிக்கு ஒரு கவலை. டொரண்டோவில் இருக்கும் தங்கை மங்கையின் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் போய்ச் சேராவிட்டால் மாப்பிள்ளையின் சிநேகிதன் எவனோ மடியில் வைத்துக்கொள்வானாம். முன்பின் தெரியாத மடியில் பச்சைப்பிள்ளை எப்படி அலறும் என்று நினைத்தாலே அவருக்குத் தூக்கம் வரவில்லை.

"பதிமூணாயிரம் கிலோமீட்டர்ண்ணே. இறங்கி ஏறி வர்றதுக்கு ஒரு நாள் ஆயிடும்," என்றாள் மங்கை போனில்.

"அதை விடும்மா. எத்தனை பொட்டலம்?"

அவளும் அந்த ஊர்ப் பெண்தானே! யோசித்துச் சொன்னாள்: "ஆளுக்கு எட்டு. எட்டாவது முடிஞ்சா டொரண்டோதான்."

ஒரு மடி மரத்துப்போனால் மாற்று மடி வேண்டுமே என்று தம்பிகள் வைரவனும் சின்னாண்டியும் கூடவே கிளம்பினார்கள்.

ஆளுக்கு மூன்று தீர்ந்ததும் சென்னை வந்தது. விமான நிலையத்தில் கவுண்டர் பெண் மீதிப் பொட்டலங்கள் இருந்த பையை எடை போட்டாள். "எட்டு கிலோ கூட இருக்கு சார். குறைச்சுட்டு வாங்க."

மூவரும் ஓரமாக உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"பாதியைத் தூக்கிப் போட்டுட்டா?" என்றான் வைரவன்.

"அறிவிருக்காடா?" என்றார் மாசிலாமணி. "பாதி வழியிலேயே தூரம் தீர்ந்துடும். நடுக்கடல்ல இறங்கப் போறியா?"

சின்னாண்டிக்கு மூளை வேலை செய்தது. "அப்ப வயித்துல எடுத்துட்டுப் போவோம்ண்ணே. வயித்தை அந்தம்மா எடை போடலையே!"

பொட்டலங்களைப் பிரித்தார்கள். நாலாவதில், கடல் வந்திருக்கும் என்று வைரவன் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டான். ஆறாவதில் சின்னாண்டி ஸ்வெட்டர் போட்டான். எட்டாவதை மாசிலாமணி கண்ணில் நீர் முட்ட முட்ட விழுங்கினார்.

"வந்தாச்சு," என்றார்.

"கனடாவுல இப்படி வேர்க்குதேண்ணே?" என்றான் சின்னாண்டி.

"நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்கல்ல, வர்றப்ப வெயிலையும் கொண்டாந்திருப்பாங்க."

மங்கைக்குப் போன் போட்டார். "வந்து இறங்கிட்டோம்மா. நீ எங்க நிக்கிறே?"

"ஐயோ அண்ணே, உங்க பிளேன் இன்னும் கிளம்பவே இல்லையே! கவுண்டர்ல இருக்கிற பொண்ணுகிட்ட போனைக் குடுங்க!"

மங்கை சொன்னதைக் கவுண்டர் பெண் போனில் கேட்டாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். இளைத்துப்போன பையை வாங்கிக்கொண்டு, மூவரையும் ஓட்டமும் நடையுமாக அனுப்பி வைத்தாள்.

"வந்தப்புறம் எதுக்குண்ணே ஏத்துறாங்க?" என்றான் வைரவன்.

"ஊரு வந்தாச்சு, வீடு வர வேண்டாமா? இது டவுன் பஸ்ஸுடா."

விமானம் மேலே போனதும் பணிப்பெண் சாப்பாட்டுத் தட்டை நீட்டினாள். சின்னாண்டியின் கை தானாக நீண்டது. மாசிலாமணி பட்டென்று தட்டிவிட்டார்.

"ஒன்பதாவதா? தின்னுறாதடா! மங்கை வீட்டைத் தாண்டிப் போயிடுவோம்!"

"தண்ணியாவது குடிங்க சார்," என்றாள் அவள்.

மாசிலாமணி வெகுநேரம் கணக்குப் போட்டார்.

"ஒரே ஒரு மடக்கு குடும்மா. வீடு தெருமுனையிலேர்ந்து நாலாவது."